கட்டுப்பல்லும் வேப்பிலையும்

விழா மலர் என்பது பெரும்பாலும் கட்டடங்களையும் வெற்றிகளையும் எண்ணிப் பார்க்கும் ஏடாக அமைவது வழக்கம். அதிபர்தம் அருந்தொண்டும், விளையாட்டரங்கில் ஈட்டிய வாகைகளும், பரீட்சைப் பெறுபேறுகளும், கடல்கடந்து வாழும் பழைய மாணவரின் கொடைகளும் இம்மலரின் பிற பக்கங்களை அணிசெய்யும். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. ஒரு நீர்க்குவளைக்குள் அடங்குவது. நம் முதியோர் வாயில் அணியும் கட்டுப்பல்லும் அதனைத் தூய்மைசெய்யும் வகையுமே அப்பொருள். தமிழாசிரியர் பல்வைத்தியம் பேசுவதா என நகைப்பாரும் உளராவர். எழுத்துப் பிறக்கும் இடங்களுள் பல்லையும் அண்ணத்தையும் வைத்தெண்ணினர் நம் இலக்கண நூலார். தகரமும் நகரமும் பல்லைச் சாராது பிறப்பதில்லை. ஆதலின், பல்லைப்பற்றிப் பேசும் உரிமை தமிழாசிரியர்க்கும் ஒருசிறிது உண்டு என்றே கொள்கின்றோம்.

இதனை இம்மலரில் எழுதத் துணிந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. இக்கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டவர்கள். இளையோர் பலரின் தாய்தந்தையர், மக்கள் பிறநாடுகளில் வாழ, வன்னியிலே தனித்து முதுமையுறுகின்றனர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் 12.4 வீதத்தினர் அறுபதும் அதற்கு மேலும் அகவையுடையோர். அவ்வீதம் ஆண்டுதோறும் ஏறியே செல்கின்றது. மகன் பணம் அனுப்புகின்றான். பட்டணத்திலே பல் கட்டப்படுகின்றது. அவ்வளவில் கடமை முடிந்ததென எல்லோரும் இருந்துவிடுகின்றனர். கட்டிய பல்லை நாள்தோறும் பேணும் முறையை இருந்து சொல்லிக்கொடுப்பார் அரியர். அவ்வெற்றிடத்தைச் செவிவழிச் செய்திகள் வந்து நிரப்புகின்றன. வேப்பிலை அவித்த நீரே போதும் என்பார் ஒருவர். மஞ்சள்நீர் என்பார் மற்றொருவர். கராம்பெண்ணெய் என்பார் இன்னொருவர்.

இவற்றுள் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என நிறுத்துப் பார்ப்பதே எம் நோக்கம். எம் கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம். நம் வளவுகளிலுள்ள மூலிகைகளுக்குப் பூஞ்சணத்தை அடக்கும் ஆற்றல் உண்டு. அது வெறுங்கதை அன்று. ஆயினும், அளந்தறியாத ஆற்றலை மருந்தெனக் கொள்ளுதல் அறிவுடைமை ஆகாது. அளந்தறியும் கடமையோ பிறர்க்கன்று, நமக்கே உரியது.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். நம்மவர் இதனைப் 'பொய்ப்பல்' என்றே பெரிதும் வழங்குவர். கால் இழந்தவர்க்குப் பொருத்தும் காலைப் 'பொய்க்கால்' என்னும் வழக்கும் உண்டு. ஆயினும் மூக்குக்கண்ணாடியை எவரும் 'பொய்க்கண்' என்பதில்லை. அதனை அணிவதில் எவர்க்கும் நாணமும் இல்லை. 'பொய்' என்னும் அடையோ கேட்பவர் நெஞ்சில் ஒரு கூச்சத்தை விளைவிக்கின்றது. பல் இல்லாத வாயைப் பேரப்பிள்ளை காணலாகாதென்று இரவிலும் அதனைக் கழற்றாது உறங்கும் முதியோர் பலர். வாயில் எரிவு தோன்றினும் வெளியிற் சொல்லாது அடக்கிக்கொள்வோரும் பலர். 'பல் கட்டுதல்' என்னும் தொடரும் நம்மிடை வழக்கில் உள்ளதே. அதனைப் பின்பற்றிக் 'கட்டுப்பல்' என யாம் எழுதுகின்றோம். அது பொய்யன்று; கைவல்லார் அளந்து கட்டிய ஒரு கருவி. கருவியாயின் அதனைக் கழற்றுதலும் கழுவுதலும் இயல்பேயன்றி இழிவன்று.

இனி, நோயின் இயல்பு காண்போம். கட்டுப்பல்லின் அடித்தகடு இக்காலத்திற் பெரும்பாலும் அக்கிரிலிக்கு என்னும் பொருளால் ஆனது. முன்னர் இறுக்கிய இறப்பரால் தகடு செய்தனர். 1937ஆம் ஆண்டளவில் அக்கிரிலிக்கு வந்து அதன் இடத்தைப் பிடித்தது. ஈறின் நிறத்தை ஒத்திருப்பதும், எளிதில் வார்க்கத்தக்கதும், பழுதுபார்க்கத்தக்கதும் அதன் நலன்கள். ஆனால் அதன் மேற்பரப்பிலே கண்ணுக்குப் புலப்படாத நுண்டுளைகள் உள்ளன. அண்ணத்தோடு ஒட்டியிருக்கும் பக்கத்தில் உமிழ்நீர் நன்கு சென்று கழுவுவதில்லை, நாவும் தீண்டுவதில்லை. சூடும் ஈரமும் உணவுத் துணுக்கும் ஒருங்கே கிடைக்கும் அவ்விடம் பூஞ்சணத்திற்குத் தக்க உறைவிடம்.

கண்டிடா அல்பிக்கன்சு என்பது அப்பங்கசின் பெயர். நலமுடையார் பலர் வாயிலும் அது தீங்கின்றி இருப்பதே. இடமும் காலமும் வாய்த்தவழி, உருண்டை வடிவிலிருந்து இழை வடிவிற்கு மாறித் தோலின் மென்படையைத் துளைக்கத் தொடங்கும். அவ்விழைகள் கண்டிடாலைசின் என்னும் நச்சுப் பொருளைச் சுரந்து உயிரணுக்களைப் புண்படுத்துகின்றன என்பது 2016ஆம் ஆண்டிலே வெளிப்படுத்தப்பட்டது. அண்ணம் தகட்டின் அளவிற்குச் செந்நிறமுறும். சிலர்க்கு வாயோரம் வெடிக்கும். சிலர்க்கு எரிவும் சுவைகேடும் தோன்றும். பெரும்பாலார்க்கு நோவே இராது என்பதுதான் இந்நோயின் வஞ்சனை. இந்நோயை மூன்று படிநிலைகளாக நியூற்றன் என்பார் 1962ஆம் ஆண்டில் வகுத்தார். அவ்வகுப்பே இன்றும் பல்வைத்தியரால் ஆளப்படுகின்றது.

இத்துறையில் இலங்கையர் ஒருவரின் பெயர் உலகறிந்தது என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும். பேராதனையிற் பல்வைத்தியம் கற்ற லக்ஷ்மன் சமரநாயக்க, கிளாஸ்கோவில் மக்ஃபார்லேன் என்பாருடன் சேர்ந்து, கண்டிடா அக்கிரிலிக்குப் பரப்பில் எவ்வாறு ஒட்டுகின்றது என்பதை ஆய்வுகூடத்தில் அளந்து 1980இல் வெளியிட்டார். பின்னர் ஹொங்கொங் பல்கலைக்கழகத்தின் பல்வைத்திய பீடத் தலைவராகவும் விளங்கினார். ஒரு சிறு தகட்டுத்துண்டை நுணுகி நோக்கியவர் ஓர் உலகத் துறைக்கே வழிகாட்டியானார்.

இது வாயோடு ஒழியும் சிறுநோய் எனவும் எண்ணற்க. உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் முதன்முறையாக வெளியிட்ட பங்கசு நோய்க்கிருமிப் பட்டியலில் கண்டிடா அல்பிக்கன்சு மிக முதன்மையான வகுப்பிலே வைக்கப்பட்டுள்ளது. யப்பானிலே 85ஆம் அதற்கு மேலும் அகவையுடைய 524 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆய்வொன்று 2015இல் வெளியானது. கட்டுப்பல்லை அணிந்தவாறே உறங்குவோர்க்கு நிமோனியாக் காய்ச்சல் வரும் இடர், கழற்றி வைத்து உறங்குவோரினும் இருமடங்கிற்கு மேல் என அது காட்டிற்று. நாணத்தின் பொருட்டு இரவிற் கழற்றாத தகடு நெஞ்சறைக்கும் கேடாகலாம் என்பது இதனாற் பெறப்படும்.

நம் வன்னி நிலத்தின் சூழல் இவ்விடரை மிகுவிக்கின்றது. இங்குள்ள கிணற்றுநீர் பல ஊர்களில் கடினநீர். வவுனியாப் பகுதியிற் புளோரைட்டு மிகுதியும் அறியப்பட்டதே. கேத்தலின் உட்புறத்தில் வெண்படை படிவதை ஒவ்வொரு வீட்டிலும் காண்கின்றோம். அத்தகைய உப்புக்களும் உமிழ்நீரின் உப்புக்களும் தகட்டிலே சொரசொரப்பான காறையாகப் படியின், பூஞ்சணம் பற்றிக்கொள்ளப் பிடி கிடைத்துவிடுகின்றது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்பன வேறு. நீரிழிவு நோய் பெருகிவரும் காலம் இது. இரத்தத்திற் சர்க்கரை மிகுந்தார்க்குப் பூஞ்சணம் எளிதில் வாய்க்கும். தொய்வுக்கு மருந்தை உள்ளிழுப்போரும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை நெடுநாள் உண்போரும் அவ்வாறே. அன்றியும், 2009ஆம் ஆண்டுவரை அலைந்துலைந்த தலைமுறையினர்க்கு, 2012இல் மெனிக்பாம் முகாம் மூடப்படும்வரை கூடாரங்களில் வாழ்ந்தோர்க்கு, குடிநீரே அரிதாக இருந்த நாள்களிற் பல்லைப் பேணும் பழக்கம் எங்ஙனம் நிலைத்திருக்கும்? அன்று விடுபட்ட பழக்கத்தை இன்று மீட்டுக்கொடுத்தலும் மறுவாழ்வுப் பணியின் ஒரு கூறே.

இனி மூலிகைக்கு வருவோம். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி தரும் என்னும் பழமொழியைக் கேட்டு வளர்ந்தோர் நாம். வேப்பங்குச்சியால் பல் துலக்கிய பாட்டன்மாரை நம்முள் மூத்தோர் கண்டிருப்பர். வேம்பின் கைப்புப் பொருள்களை 1942இலே பிரித்தெடுத்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் எனப் பெயரிட்டவர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் அறிஞர். அதன் பின்னர் இந்தியப் பல்வைத்தியக் கல்லூரிகள் பலவற்றில் வேம்பு, திரிபலை, கராம்பு முதலியவற்றின் சாறுகளில் அக்கிரிலிக்குத் துண்டுகளை ஊறவைத்துச் சோதித்துள்ளனர். பங்கசின் தொகை குறைதலைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. நம் நாட்டுக் கறுவா இலையின் எண்ணெயும் ஆய்வுகூடத்திலே கண்டிடாவை அடக்கும் ஆற்றலுடையதாகக் காணப்பட்டுள்ளது. அவ்விலையெண்ணெயிலும் கராம்பிலும் மிக்கிருப்பது யூசினோல் என்னும் ஒரே பொருள்தான்.

ஆய்வுகூடக் கிண்ணம் வேறு, மனிதர் வாய் வேறு. கிண்ணத்திலே தனித்தனியே மிதக்கும் பங்கசைக் கொல்லுதல் எளிது. தகட்டின்மேல் அவை ஒன்றன்மேல் ஒன்றாகக் குடியேறிப் பசைபோன்ற ஒரு போர்வைக்குள் படலமாக வாழ்கின்றன. அப்படலத்தினுள் மருந்து எளிதிற் புகாது. ஆதலின் வாயிலே செய்த சோதனைகளே நமக்கு வழிகாட்டத்தக்கன. அத்தகையன இரண்டை இங்குக் காட்டுகின்றோம்.

பிரேசில் நாட்டிலே கட்டுப்பல் நோயுற்ற 60 பேரை இரு பகுதியினராக்கி, ஒரு பகுதியினர்க்கு மைக்கொனசோல் என்னும் மருந்துக் களிம்பையும், மறு பகுதியினர்க்கு மாதுளைச் சாற்றாலான களிம்பையும் கொடுத்தனர். 2003இல் வெளியான அவ்வாய்வின்படி, மருந்துக் களிம்பு பூசியோருள் 27 பேரும் மாதுளைக் களிம்பு பூசியோருள் 21 பேரும் தேறினர். அந்நாட்டுச் சான் பாவுலோ பல்கலைக்கழகத்தார் ஆமணக்கெண்ணெயிலிருந்து ஆக்கிய கழுவுநீரைக் கட்டுப்பல் அணிந்தோரிடம் சோதித்து 2015இல் வெளியிட்டனர். நுண்ணுயிரைக் கொல்லுவதில் 0.5 வீத சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசலே முன்னின்றது. ஆமணக்கு நீர் அதற்குப் பின்னின்றது.

இவ்விரு சோதனைகளும் நமக்குக் கூறுவது யாது? மூலிகை பயனற்றதன்று, ஆயின் முதலிடம் பெற்றதுமன்று. இந்த நடுநிலையை ஏற்க நம்மவருள் இருசாரார்க்கு மனம் ஒருப்படுவதில்லை. ஒரு சாரார், 'நாட்டு மருந்தாவது!' என உதடு பிதுக்குவர். மற்றொரு சாரார், 'இயற்கை தந்தது எவ்வாறு தீங்கு செய்யும்?' என வினவுவர். முன்னவர்க்கு நிசுற்றற்றின் என்னும் மருந்தின் வரலாற்றைக் காட்டுவோம். வாய்ப் பூஞ்சணத்திற்கு இன்றும் வைத்தியர் கொடுக்கும் அம்மருந்தை 1950ஆம் ஆண்டிலே எலிசபெத் ஹேசன், றேச்சல் பிறவுன் என்னும் அமெரிக்கப் பெண்மணிகள் இருவர் கண்டறிந்தனர். அது கிடைத்தது பண்ணை மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து. ஆய்வுகூட மருந்தின் தாயும் மண்ணே. அம்மருந்தால் வந்த 13 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட உரிமைப் பணத்தை அவ்விருவரும் தமக்கென வைத்துக்கொள்ளாது அறிவியலாராய்ச்சிக்கே வழங்கினர் என்பதையும் பழைய மாணவர் நினைவிற் கொள்வாராக.

பின்னவர்க்கு வெற்றிலையே சான்று. வெற்றிலையில் ஐதரொட்சிசவிக்கோல் என்னும் பூஞ்சண எதிர்ப்புப் பொருள் உண்டு. அதே வெற்றிலையைப் பாக்கொடு கூட்டி நாள்தோறும் மெல்லுதல் புற்றுநோயை விளைக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் அறுதியிட்டது. ஒரே இலையில் நன்மையும் உண்டு. அதனைக் கொள்ளும் வகையால் தீமையும் உண்டு. வகையும் அளவும் அறியாதவிடத்து 'இயற்கை' என்னும் சொல் காவலாகாது.

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' எனப் பெயரிட்டு ஓர் அதிகாரமே யாத்தார். அவ்வதிகாரத்தை மாணவர் மீண்டும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராக. மூலிகைப் பெயர் ஒன்றேனும் அங்கில்லை. உள்ளவை அளவும், காலமும், காரணத்தைத் தேடும் ஆராய்ச்சியுமே. மருந்துக்கு இலக்கணம் கூற வந்தவர் இலையையும் வேரையும் விடுத்து அளவையே பேசினார் என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

அளவறியாது வீட்டில் செய்யும் முயற்சிகளால் வரும் கேடுகளையும் கூறுதல் கடன். வேப்பிலையை அவித்துக் கொதிக்கும் நீரிலேயே தகட்டை இடுவாருளர். வெப்பத்தால் தகடு திருகி, பின்னர் வாயிற் பொருந்தாது உறுத்திப் புண்ணாக்கும். மஞ்சள் தகட்டிற்கு ஆறாக் கறையூட்டும். மதுசாரத்தில் ஊறிய சாறு அக்கிரிலிக்கில் மயிரிழை போன்ற வெடிப்புக்களை உண்டாக்கும். கராம்பெண்ணெயைக் கலப்பின்றி இடின், தகட்டின் மேற்பரப்பு இளகவும் வாயின் மென்தோல் வேகவும் கூடும். உமிக்கரி, செங்கற்றூள், மணல் என்பன இயற்கைப் பற்களுக்கே கடியன. அக்கிரிலிக்கிலோ அவை உழுத சால்போல் கீறலிட்டுப் பூஞ்சணத்திற்கு வரப்புக் கட்டிக்கொடுக்கும். அவித்த நீரை மூன்று நான்கு நாள் மூடிவைத்து ஆளின் அந்நீரே பூஞ்சணம் பிடிக்கும். ஆமணக்கங்கொட்டையைத் தாமே இடித்துச் சாறெடுக்க முயல்வது எல்லாவற்றினும் கொடிது. அக்கொட்டையில் ரைசின் என்னும் கொடு நஞ்சு உண்டு. பிரேசிலார் ஆண்டது பதப்படுத்திய எண்ணெயிலிருந்து ஆக்கிய பொருளேயன்றி இடித்த கொட்டையன்று.

அங்ஙனமாயின், இன்றே செய்யத்தக்கது யாது? அது மிக எளிது, செலவும் குறைவு. உணவு உண்டபின் ஒவ்வொரு முறையும் தகட்டைக் கழற்றிக் கழுவுக. நாளுக்கு ஒருமுறையேனும் மென்மையான தூரிகையும் சவர்க்காரமும் கொண்டு எல்லாப் பக்கங்களையும், சிறப்பாக அண்ணத்தோடு பொருந்தும் பக்கத்தை, தேய்க்க. பின்னர் நன்கு அலசுக. தகடு கைநழுவி உடையாதிருக்க, நீர் நிறைத்த ஒரு கிண்ணத்தின்மேற் பிடித்துக் கழுவுக. இரவில் கழற்றிக் குளிர்ந்த தூயநீரில் இடுக. காலையில் அந்நீரைக் கொட்டிவிடுக. ஈறையும் நாவையும் அண்ணத்தையும் மென்துணியால் துடைத்துக்கொள்க. குளோரின் கலந்த கரைசல் வேண்டுமாயின் பல்வைத்தியர் கூறிய அளவில் மட்டும் ஆள்க. பத்து நிமிடத்திற்கு மேல் ஊறவிடலாகாது என்பதும், உலோகம் பதித்த தகட்டிற்கு அது ஆகாது என்பதும் நினைவிருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை பல்வைத்தியரிடம் காட்டுக. தாடையென்பு காலப்போக்கிற் குறையும், தகடு தளரும். அண்ணம் சிவந்திருப்பின் இலையைத் தேடற்க, வைத்தியரைத் தேடுக. இவற்றைச் செய்தபின், ஆறவைத்து வடித்த புதிய வேப்பிலை நீரால் வாய்கொப்பளிக்க ஒருவர் விரும்பின் யாம் தடை சொல்லோம். வேப்பிலை தூரிகைக்குத் துணையாகலாம், தூரிகைக்கு ஈடாகாது.

இவ்வளவில் கட்டுரையை நிறுத்தின், மூலிகையைத் தள்ளிவைத்ததாகவே முடியும். எம் கருத்து அதுவன்று. சீனத்து அறிஞர் தூ யூயூ என்னும் அம்மையார், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து தேடுகையில், நான்காம் நூற்றாண்டைச் சார்ந்த வைத்தியநூலொன்றில் ஒரு பூண்டைக் கொதிக்கவையாது தண்ணீரில் ஊறவைத்துப் பிழியும் குறிப்பைக் கண்டார். வெப்பம் அதன் ஆற்றலைக் கெடுக்கலாம் என உணர்ந்து, குறைந்த வெப்பத்திற் சாறெடுத்து, 1972இல் ஆட்டிமிசினின் என்னும் பொருளைப் பெற்றார். 2015இல் அவர்க்கு நோபெல் பரிசு கிட்டியது. முன்னோர் நூலை அவர் பூசித்து வைக்கவுமில்லை, எள்ளி எறியவுமில்லை. படித்தார், அளந்தார், சோதித்தார்.

வேம்பைப் பற்றியே இன்னொரு வழக்குண்டு. அது பூஞ்சணத்தைப் பற்றியதுமாம். வேப்பெண்ணெயிலிருந்து பெற்ற பொருளாற் பயிர்களிற் பங்கசை அடக்கும் முறைக்கு, அமெரிக்க விவசாயத் திணைக்களமும் டபிள்யூ. ஆர். கிரேஸ் என்னும் நிறுவனமும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. இந்திய உழவர் இதனை முன்னரே கையாண்டனர் என்பதைச் சான்றுகளோடு காட்டி வழக்காடியதனால், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2000ஆம் ஆண்டில் அதனை நீக்கியது. 2005இல் மேன்முறையீடும் தள்ளுபடியாயிற்று. 'எங்கள் பாட்டி அறிவாள்' என்று சொல்லிக்கொண்டிருந்தால் மட்டும் வழக்கு வென்றிராது. செய்ததற்குச் சான்று இருந்தமையால் வென்றது. எழுதப்படாத அறிவு நம்முடையதாயினும் நம் கையில் நில்லாது.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, கட்டுப்பல் பேணும் முறையை எளிய தமிழில், பெரிய எழுத்தில், ஒரே தாளில் அச்சிட்டு நம் மாவட்டங்களின் வைத்தியசாலைகளுக்கும் முதியோர் சங்கங்களுக்கும் வழங்குதல். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, 1867இல் 'இரண வைத்தியம்' என்னும் பெருநூலையும் தமிழில் வெளிப்படுத்தினார். பிறநாட்டார் ஒருவர் தமிழில் ஒரு வைத்தியத்துறையையே எழுத இயன்றதாயின், நம்மால் ஒரு தாள் எழுத இயலாதா? சொல்லமைக்கும் பணியில் எம்போன்ற தமிழாசிரியர் முன்னிற்பர்.

இரண்டாவது, நம் மாணவர் விடுமுறைக் காலத்தில் தத்தம் ஊர் முதியோரிடமும் பரம்பரை வைத்தியரிடமும் சென்று, வாய்நோய்க்கு அவர் ஆண்ட மூலிகை எது, எப்பகுதி, எப்பருவம், எவ்வளவு, எவ்வாறு என்பனவற்றை எழுதிக்கொண்டு வருதல். மூன்றாவது, ஆராய்ச்சிக்கு ஒரு சிறு நிதி. அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் உள்ளது. வவுனியா வளாகம் 2021ஆம் ஆண்டு ஆவணி முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கைதடியிலே சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. பேராதனையிலே பல்வைத்திய பீடம் உண்டு. எம் வேம்பு மாரியிலும் கோடையிலும் ஒரே ஆற்றலுடையதா, எத்தனை நிமிடம் ஊறினாற் படலம் கரையும், தகட்டிற்குக் கேடுண்டா என்னும் வினாக்களை இந்நால்வகை அறிஞரும் ஒருங்கிருந்து ஆராய வழிசெய்தல் வேண்டும். மாளிகை எழுப்பும் செலவு இதற்கு வேண்டியதில்லை. விளைவு 'பயனில்லை' என வரினும் அதுவும் ஓர் அறிவே. அதனை அஞ்சாது வெளியிடல் வேண்டும்.

நான்காவது வேண்டுகோள் கடல்கடந்து வாழும் பழைய மாணவர் ஒவ்வொருவர்க்கும் உரியது. அதற்குக் காசு வேண்டா. அடுத்தமுறை தொலைபேசியிற் பேசும்போது, 'அம்மா, இரவிலை பல்லைக் கழட்டி வைக்கிறனீங்களோ?' என ஒரு சொற் கேளுங்கள். கேட்பதனாலேயே பாதி நாணம் அகலும். நாணம் அகன்றால் வைத்தியரை நாடும் வழி திறக்கும்.

கல்லூரி நமக்குத் தந்தது எழுத்தும் எண்ணும். எழுத்தால் முன்னோர் அறிவைப் பதிவுசெய்வோம். எண்ணால் அதனை அளப்போம். இவ்விரண்டும் கூடியவிடத்து நம் வளவு வேம்பு வெறும் நிழன்மரமாக நில்லாது, மருந்துமரம் என்னும் பெயரைச் சான்றோடு பெறும். அதற்குள், நம் மூத்தோரின் வாய் நோயின்றி உண்ணவும், உரையாடவும், கூச்சமின்றிச் சிரிக்கவும் ஒரு தூரிகையும் ஒரு குவளை நீரும் ஒரு மகனின் கேள்வியும் போதும். கல்லூரி அன்னை நீடு வாழ்க! அவள் மக்களைப் பெற்ற மூத்தோர் நலமுடன் வாழ்க!